திருப்பிப் போட்ட இலை

ஏழாம் அத்தியாயம்

“எங்க வீட்டாளு அடிச்ச தவுலுக்கு எத்தனை பொண்ணுவ கழுத்துல தாலி ஏறியிருக்கு, அண்ணாச்சி! அந்தக் கையிலதான் வெலங்கு மாட்டி இழுத்துட்டுப் போயிட்டாவ.”

ஆறுமுகத்தாய் அழவில்லை. அழுதிருந்தால் ஜகந்நாதனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். தாராவி மெயின் ரோட்டில், தோல் பெட்டிக் கடையின் மாடியிலிருந்த அந்தச் சிறிய அலுவலகத்தில், தீர்ப்பு வாங்க வந்தவளைப் போல் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

துப்பறிவாளர் ஆறுமுகநயினார் வெற்றிலைச் செல்லத்தை ஒதுக்கி வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் தோல் மண்டியில் தரம் பார்த்தவர் அவர். பதமிட்ட தோலைப் புரட்டிப் பார்த்தே அது எந்தச் சந்தையில் வாங்கிய ஆடு என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் புரட்டிப் பார்ப்பார்; ஆனால் புரட்டுவது தெரியாது.

“எப்ப கோர்ட்டுக்குக் கொண்டு போறாவ?”

“மூணு மணிக்கு. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனை எந்த மணவறையில ஏத்துவாவ? மங்கல வாத்தியம் அண்ணாச்சி அது. வர்ற வெள்ளிக்கிழமை செம்பூர்ல ஒரு முகூர்த்தம் பேசியிருந்தோம். காலையிலேயே ஆளனுப்பி வேண்டாம்னுட்டாவ.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “யாரோ பெரிய எடத்துப் பையன் ஒருத்தன் கை காட்டுனானாம். அவன் வாயில மண்ணு விழ!”

நயினாரின் உதவியாளன் ஜகந்நாதன் தட்டச்சு இயந்திரத்தில் மாட்டியிருந்த வெற்றுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னவே, மழைக்காலத்துத் தவுல் மாதிரி கம்முனு இருக்கீரு?” என்றார் நயினார். “வழக்கமா இதுக்குள்ள ரெண்டு தமாசு வந்திருக்கணுமே.”

“தொண்டை சரியில்லை, அண்ணாச்சி.”

தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, அது அளவுக்கு மீறிச் சரியாக இருந்ததுதான் வினை.

மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபம். மணமகள் அவனுக்கு ஒன்றுவிட்ட அத்தையின் பேத்தி. முகூர்த்த வேளையில் பெரியவர்கள் விரலை ஆட்டி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்றதும் ஆறுமுகத்தாயின் கணவர் வெயிலுமுத்துவின் தவில் இடியென முழங்கியது. மூன்று முடிச்சு விழுந்தது, மேளம் நின்றது. நின்ற கணத்தில், மாடியிலிருந்து ‘டங்!’ என்று ஒரே ஓர் ஓசை, இரும்பின்மேல் இரும்பு விழுந்த ஓசை, மண்டபம் முழுவதும் கேட்டது. எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். நகைகள் இருந்த பீரோவின் பூட்டு பாதி நெளிந்திருந்தது. அருகில் ஒரு சுத்தியல். நகைகள் அப்படியே இருந்தன. திருடன் மட்டும் இல்லை.

அதைப் பார்த்ததும் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே படம் நினைவுக்கு வந்தது. வேங்கடசுப்ரமணியன் என்ற மாட்டுங்கா இளைஞன் சென்ற ஆண்டு, அறுபத்தாறில், இயக்கி வெளியிட்ட முதல் இந்திப் படம், ‘சார் மினிட்’, அதாவது ‘நான்கு நிமிடம்’. தென்னிந்தியக் கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்கும் நான்கு நிமிடத்துக்குள், அந்த முழக்கத்தின் மறைவில், மூன்று திருடர்கள் பீரோவை உடைக்கப் பார்த்துத் தோற்கும் கதை. அந்த நான்கு நிமிடமும் திரையில் ஒரு வசனம் கிடையாது. அதன்பின் வந்த மூன்று படங்களில் திருடர்கள் வாயைத் திறக்கவே இல்லை. பம்பாயே அந்தப் படத்தைப் பார்த்துத் திருடக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகைகள் கேலி செய்தன.

அந்தப் படத்தில் தவில் வாசித்தவரும் வெயிலுமுத்துதான். இன்ஸ்பெக்டர் சாவந்த் வந்து நின்றபோது, சுற்றி நின்ற உறவினரைச் சிரிக்க வைக்கும் ஆசையில் ஜகந்நாதன் அவரிடம் இந்தியில் சொன்னான்: “சாஹேப், எதுக்குத் தேடறேள்? தவில்காரரைப் பிடியுங்கோ. படத்துலயும் அவர், இங்கேயும் அவர். பார்ட்னர் இல்லாம இப்படித் தாளம் சேருமா?”

இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தவர். அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்தார்.

*

மண்டபத்தின் பின்கட்டில் வாழைத்தண்டும் எச்சிலிலைகளும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. பரிசாரகர் கல்பாத்தி அனந்து, கழுவிய அண்டாவைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“கெட்டிமேளம் எவ்வளவு நேரம் ஓய் கேட்டுது?” என்றார் நயினார்.

“கேக்கறேளே! ஒரு வரிசைக்குச் சட்னி போட்டு முடிக்கறதுக்குள்ள நின்னுடும். நாப்பது எண்ணலாம். சரடு முடியற வரைக்கும்தானே?”

“நாலு நிமிசம்?”

“நாலு நிமிஷம் அடிச்சா மாப்பிள்ளை மயக்கம் போட்டுடுவான்.”

நயினார் ஜகந்நாதனைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீரா வே? உடைக்க வந்தவன் மேளம் இன்னும் அடிக்கும்னு நெனச்சு ஓங்கிட்டான். ஓங்கின சுத்தியல் நிக்கலை. மேளம் நின்னு போச்சு. தவுலுக்காரன் கூட்டாளியா இருந்தா இன்னும் ஒரு நிமிசம் இழுத்திருக்க மாட்டானா?”

மார்பின்மேல் வைத்திருந்த கல்லொன்று அசைந்ததுபோல் இருந்தது ஜகந்நாதனுக்கு. அசைந்ததே தவிர இறங்கவில்லை.

“அப்போ விட்டுடுவாளா, அண்ணாச்சி?”

“வாதத்துக்கு விடமாட்டாவ. ஆளைக் கொடுத்தா விடுவாவ. அனந்து, ஓசை கேட்டு எல்லாரும் மாடிக்கு ஓடினப்போ பின்படி வழியா இங்ஙன யாராச்சும் ஓடி வந்தாவளா?”

“போலீஸும் இதையேதான் கேட்டது. ஒருத்தரும் ஓடலை. டிபன் பந்தி நடந்துண்டிருந்தது. பந்தியிலேர்ந்து எழுந்துதான் நாலு பேர் ஓடினா.”

“வந்து உக்காந்தது யாரு?”

அனந்துவின் முகம் மாறியது. இந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

“ஒருத்தர் வந்தார். பட்டு வேஷ்டி, நெத்தி நிறைய விபூதி. மேல் மூச்சு வாங்கிண்டு உக்காந்தார். மாப்பிள்ளையாத்து மனுஷான்னு நெனச்சேன். வடை மட்டும் மூணு தடவை வாங்கிண்டார், வாயே பேசலை. ஆனா ஒண்ணு…” குரலைத் தாழ்த்தினார். “போட்டிருந்த எலையைத் திருப்பிப் போட்டுண்டார்.”

“திருப்பின்னா?”

“நுனி எடப்பக்கம் இருக்கணுமோன்னோ? நான் அப்படித்தான் போட்டிருந்தேன். அவர் ரெண்டு கையாலயும் அழகாத் தூக்கி, நுனியை வலப்பக்கம் வச்சுண்டு, தண்ணி தெளிச்சுத் தொடைச்சுண்டார். மங்கல காரியத்துல இதென்ன அபசாரம்னு வடைத் தட்டோட அப்படியே நின்னுட்டேன்.”

“வடக்கத்தியானா இருக்கும்,” என்றான் ஜகந்நாதன்.

நயினார் கீழே கிடந்த, புழங்காத ஒரு நுனி இலையை எடுத்து மடியில் வைத்து, இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். “யோசியும் வே. இலையில சாப்பிடத் தெரியாதவன், போட்ட இலையைத் தொடமாட்டான். தெரிஞ்சவன் திருப்பமாட்டான். அப்ப, திருப்புறவன் யாரு?”

ஜகந்நாதன் இலையை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

“தப்பாச் சொல்லிக் கொடுக்கப்பட்டவன். அதை நம்பிப் பழகினவன். மேளம் நாலு நிமிசம்னு நம்பினவனும் அவனேதான்.”

*

வேங்கடசுப்ரமணியனின் வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவனைப் பார்த்ததும், அவனும் இரவு தூங்கவில்லை என்பது ஜகந்நாதனுக்குப் புரிந்தது. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

“வா, ஜக்கு. யாராவது வந்து கேப்பான்னு நேத்துலேர்ந்து காத்துண்டிருக்கேன்.” மேசைமேல் விரித்திருந்த செய்தித்தாளைச் சுட்டினான். “‘திரையில் தோற்ற கொள்ளை, மாட்டுங்காவிலும் தோற்றது’ன்னு போட்டிருக்கான். நான் படம் எடுக்காம இருந்திருந்தா அந்தத் தவில்காரர் இன்னிக்கு ஆத்துல சாப்டுண்டிருப்பார்.”

“தம்பி, அழுறதுக்கு மூணு மணிக்குப் பொறவு நேரம் கெடக்கு,” என்றார் நயினார். “அந்த மேளம் நாலு நிமிசம் எப்படி வந்துது?”

இயக்குநன் தலை குனிந்தான். “வெயிலுமுத்து நாப்பது செகண்ட்தான் வாசிச்சார். ‘இதுக்கு மேல வாசிச்சா கல்யாணம் இல்லை, கச்சேரி’ன்னார். ஒலிநாடாவுல அதையே ஆறு தடவை ஒட்டினேன்.”

“நடிச்சவங்களுக்கு அது தெரியுமா?”

“தெரியாது. ஷூட்டிங்ல அந்த ஒட்டின நாடாவைத்தான் ஓட விட்டேன். நிஜமான பயம் முகத்துல வரணும்னு, ‘இது நிஜம், எங்காத்துக் கல்யாணத்துல இப்படித்தான், நானே கடிகாரம் வச்சுப் பார்த்திருக்கேன்’ன்னு சத்தியம் பண்ணினேன்.”

“படத்துல பந்திக் காட்சி உண்டோ?”

“எடுத்தேன். திருடா மூணு பேரும் தப்பிச்சு வந்து பந்தியில உக்காந்துடறா. ஓடறவனைத்தானே தேடுவா, சாப்பிடறவனை யார் தேடப்போறா? அதுதான் யோசனை. ஆனா வெளியான படத்துல அது இல்லை. மாடிப்படியிலேயே பிடிபடற மாதிரி மாத்திட்டேன்.”

“ஏன்?”

பதில் உள்ளிருந்து வந்தது. அவனுடைய மனைவி விஜயலக்ஷ்மி காபி டம்ளர்களோடு நின்றிருந்தாள். “நான் சிரிச்சுட்டேன், அதனாலதான். காமிரா எடப்பக்கம் இருந்ததாம். இலையோட அகலப் பக்கம் அதுக்குத் தெரியணும்னு நுனியை வலப்பக்கம் திருப்பி வச்சுட்டார். ‘இதைப் பார்த்தா மாட்டுங்காவுல ஒருத்தர் பாக்கியில்லாம கடுதாசு போடுவா’ன்னேன். மறுநாளே காட்சியை வெட்டிட்டார்.”

ஜகந்நாதன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். பம்பாயில் அந்தப் படத்தை இலட்சம் பேர் பார்த்திருக்கலாம். அந்த இலையைப் பார்த்தவர்கள் படப்பிடிப்பில் நின்றவர்கள் மட்டுமே.

“அந்தப் பந்தியில உக்காந்தது எத்தனை பேரு?” நயினாரின் குரல் மென்மையாக இருந்தது.

“மூணு திருடர்கள். ரெண்டு பேர் தாராவித் தமிழ்க்காரா. காமிரா ஓடினா என்ன, ஓடாட்டா என்ன, ‘இந்த இலையில கை வைக்கமாட்டோம், சார்’ன்னு எழுந்துட்டா. சொன்னபடி திருப்பிப் போட்டுண்டு சாப்பிட்டவன் ஒருத்தன்தான். பத்து டேக். ஒவ்வொரு தடவையும் ‘சரியா, வெங்கட்ஜி?’ன்னு கேட்டுண்டு…” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். “லேக்ராஜ்.”

*

செம்பூரில் அந்தச் சிறிய ஸ்டூடியோவை அடைந்தபோது மணி ஒன்றரை. சிந்தி அகதிகள் குடியிருப்பில் வளர்ந்த லேக்ராஜ், ஒப்பனை அறைக் கண்ணாடியின் முன் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் வடு வரைந்திருந்தார்கள். இந்தப் படத்திலும் அவன் திருடன்தான். கூட வந்த வேங்கடசுப்ரமணியனைக் கண்டதும் எழுந்து, பழக்கத்தில் குனிந்து காலைத் தொட்டான்.

நயினார் ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து அந்த நுனி இலையை எடுத்து, நுனி இடப்பக்கம் இருக்கும்படி மேசைமேல் வைத்தார்.

“சாப்பாடு வரும், உக்காரும்,” என்றார் இந்தியில்.

லேக்ராஜ் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அவனுடைய இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன. இலையை அலுங்காமல் தூக்கித் திருப்பி வைத்தன. பிறகுதான், எதிரில் நின்றவர்களில் எவருமே சிரிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

கைகளை இலையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“வெங்கட்ஜி,” என்றான், “படத்தில் நான் எதனால் தோற்றேன்? சன்னல் வழியாக மணப்பெண்ணைப் பார்த்து ஒரு நொடி நின்றுவிட்டேன். அதனால்தானே? ஓராண்டாக நான் எந்த டீக்கடைக்கும் போக முடியவில்லை. ‘பெண்ணைப் பார்த்துக் கோட்டை விட்டவன் வருகிறான்’ என்கிறார்கள். என் தம்பி மகன்கூட அப்படி நடித்துக் காட்டுகிறான். ஒரே ஒரு முறை அதைச் சரியாகச் செய்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நகையை மறுநாளே தபாலில் அனுப்பியிருப்பேன், நம்பினால் நம்புங்கள்.” கண்ணாடியில் தன் வடுவைப் பார்த்தான். “நேற்று நான் பெண்ணைப் பார்க்கவில்லை. ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் மேளம் நின்றுவிட்டது.”

வேங்கடசுப்ரமணியன் முகத்தை மூடிக்கொண்டான். “அது நாற்பது விநாடிதான், லேக்ராஜ். மிச்சத்தை நான் ஒட்டினேன்.”

“நீங்கள் சத்தியம் செய்தீர்களே.”

“செய்தேன்.”

லேக்ராஜ் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். பிறகு துண்டை எடுத்துக் கன்னத்து வடுவைத் துடைத்தான். “காலையிலிருந்து இங்கேயே இருக்கிறேன், பேப்பர் பார்க்கவில்லை. யாரையாவது பிடித்தார்களா?”

“தவில் வாசிச்சவரை,” என்றான் ஜகந்நாதன்.

“அவரையா? எதற்கு? இதை விளையாட்டுக்குக்கூட யாராவது சொல்வார்களா?”

ஜகந்நாதனால் அந்தக் கண்களைச் சந்திக்க இயலவில்லை. லேக்ராஜ் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலுக்கு நடந்தான்.

*

காவல் நிலையத்தில் மணி இரண்டே கால். லேக்ராஜின் வாக்குமூலத்தை எழுதி முடித்து, இன்ஸ்பெக்டர் சாவந்த் பேனாவை மூடினார்.

“ஆள் கிடைத்தான், நல்லது. தவில்காரரும் அவனோடு கோர்ட்டுக்குப் போகிறார்.”

“ஏன், சாஹேப்?” என்றார் நயினார். “மேளத்தை நாப்பது விநாடியில நிறுத்தினவன் எப்படிக் கூட்டாளி ஆவான்?”

“கூட்டாளிக்குள் சண்டை வந்திருக்கலாம். இவன் அவரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாம். நீங்கள் சொல்வது வாதம். என்னிடம் இருப்பது பதிவு.” குறிப்பேட்டைத் திறந்து விரல் வைத்தார். “சம்பவ இடத்திலேயே, மணமகளின் உறவினர், படித்தவர், பொறுப்புள்ளவர் ஒருவர் கொடுத்த தகவல். அவரே வந்து திரும்பப் பெறாதவரை நான் இதை எப்படி அடித்து நீக்க முடியும்?”

அறையில் இருந்த கடிகாரம் திடீரென்று உரக்க ஓடத் தொடங்கியதாக ஜகந்நாதனுக்குப் பட்டது. நயினார் அவன் பக்கம் திரும்பவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தமிழில், தனக்குத்தானே பேசுபவரைப் போலச் சொன்னார்:

“நேத்து சாயங்காலமே இவரு எனக்குப் போன் பண்ணினாரு. ‘உங்க அசிஸ்டென்ட் கெட்டிக்காரன், ஒரு வார்த்தையில கேஸை முடிச்சிட்டான்’னு மெச்சிக்கிட்டாரு.”

ஜகந்நாதன் சட்டென்று நயினாரை நோக்கித் திரும்பினான். காலையிலிருந்து, ஆறுமுகத்தாயின் எதிரில், பரிசாரகரின் எதிரில், டாக்ஸியில், எல்லா இடத்திலும் இவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது!

“ஏன் அண்ணாச்சி கேக்கலை?”

“கேட்டா ஒரு தமாசு சொல்லித் தப்பிச்சிருப்பீரு.” வெற்றிலையை மென்றார். “அதுவும் போக, எனக்கு எந்த மூஞ்சி? போன்ல அதைக் கேட்டு நானும் சிரிச்சேன், வே. வெயிலுமுத்து எங்க தெருக்காரன்னு சிரிச்சு முடிச்ச பொறவுதான் நெஞ்சுல தட்டுச்சு.”

ஜகந்நாதன் மேசையருகே போய் ஒரு தாள் கேட்டான். ‘நான் கூறியது தகவல் அன்று, வேடிக்கைப் பேச்சு. அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. கூடியிருந்தவர்களைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டான். இத்தனை சிறிய வாக்கியங்களை எழுத இத்தனை நேரம் ஆகும் என்று அந்தத் தட்டச்சுக்காரன் ஒருபோதும் எண்ணியதில்லை. சாவந்த் அதை இருமுறை படித்தார். அவனை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் நேற்றைய மதிப்பு இல்லை. பிறகு குறிப்பேட்டில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

வெயிலுமுத்து வெளியே வந்தபோது மணி இரண்டு நாற்பது. பட்டுக்கரை வேட்டி கசங்கியிருந்தது. வலது கை விரல்களில் தவில்காரர்கள் ஒட்டிக்கொள்ளும் கூடுகள், துணிச்சுருளும் பசையும் சேர்த்துக் கல்லாக இறுக வைத்த அந்த உறைகள், இப்போது இல்லை. உள்ளே ஏதோ மறைத்திருக்கிறான் என்று யாரோ ஒரு காவலன் கொத்தி எடுத்திருக்கிறான். விரல்நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

ஆறுமுகத்தாய் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நயினாருக்கு நன்றி சொல்ல வாயெடுக்குமுன் ஜகந்நாதன் முன்னால் வந்து நின்றான்.

“கை காட்டினது நான்தான். வேணும்னு இல்லை. தமாஷுக்குச் சொன்னேன்.”

ஆறுமுகத்தாய் பிடித்திருந்த கையை விட்டாள். காலையில் தான் இட்ட சாபம் யார்மேல் விழுந்தது என்று அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. வெயிலுமுத்து அவனைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு புதிய தாளக்கணக்கைக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்துக் கேட்டார்:

“சொன்னப்போ யாராச்சும் சிரிச்சாவளா, தம்பி?”

“இல்லை.”

“நான் சிரிச்சேன், முத்து,” என்றார் நயினார் பின்னாலிருந்து. “பொறவு, போன்ல.”

வெயிலுமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை முகூர்த்தக்காரவ வீடு செம்பூர்ல, ஸ்டேசன் பக்கத்துலதான்,” என்றார். “நான் போயி நிரபராதின்னா நம்பமாட்டாவ. நீங்க போங்க தம்பி. தமாசுக்குச் சொன்னேன்னு உங்க வாயாலயே அங்க சொல்லுங்க. எல்லாரும் கூடியிருக்கிறப்ப சொல்லுங்க.” உரிந்த விரல்களை மெல்ல மடக்கினார். “சிரிக்காவளான்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க.”

ஜகந்நாதன் முகவரியை எழுதிக்கொள்ளத் தாளைத் தேடினான். சட்டைப்பையில் ‘சார் மினிட்’ படத்தின் பழைய டிக்கெட் ஒன்றுதான் இருந்தது. அதன் பின்புறத்தில் எழுதிக்கொண்டு, நயினாருக்காகக் காத்திராமல், தனியாக ரயில் நிலையத்தை நோக்கி நடந்தான்.